பல்கனியில் எந்த மூலிகை வளர்க்கலாம், குளிசையோடு இலைச்சாறு குடிக்கலாமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் பின்னேர வெயில்தான் விழும். கொத்தமல்லி போட்டேன், பூத்துக் காய்ந்து போனது. துளசி வைத்தேன், அதுவும் பட்டுப்போனது. வீட்டுக்காரருக்கு 47 வயது. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளாக விடியவில் வெறும் வயிற்றில் தெபு இலையையும் பாகற்காயையும் அடித்துச் சாறு குடிக்கிறார். பதினொரு மணியளவில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்கிறார். உடம்பில் உள்ள கழிவு வெளியேறுகிறதாம். பிலிம்பிக்காய்ச் சாறும் சேர்க்கப் போகிறாராம். மாமிக்கு இதய வால்வு மாற்றியது, வோர்ஃபரின் குடிக்கிறார். அவருக்குத் தினமும் இலைக்கஞ்சி கொடுக்கலாமா? மகளுக்கு 6 வயது, மகனுக்கு 8 மாதம், இரண்டு பேருக்கும் அடிக்கடி தடிமன். இவர்களுக்கெல்லாம் ஏற்றதாக என்ன வளர்க்கலாம்? கறிவேப்பிலைக் கன்றிலும் ஒரு பச்சைப்புழு இருக்கிறது.

பதில்: வணக்கம் தங்கச்சி. செடிகளைப் பற்றி ஆறுதலாகக் கதைப்போம். முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கை நடுக்கம்.

அது கழிவு வெளியேறுவது இல்லை. இரத்தத்தில் சீனி தேவைக்கு மேல் இறங்குகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. மெட்ஃபோர்மின் மட்டும் குடிக்கிறவர்களுக்கு இப்படி வருவது அரிது. கிளிக்கிளசைட் வேறு மாதிரி, ஆள் சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதோடு சீனியை இறக்கக்கூடிய பாகற்காயையும் தெபுவையும் செறிவான சாறாக வெறும் வயிற்றில் ஊற்றினால், காலைச் சாப்பாடு கொஞ்சம் குறைந்த நாளில் பதினொரு மணிக்கு நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வராமல் என்ன செய்யும்? இப்படி ஒரு நேரத்தில் அவர் காலி வீதியில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தால் என்னாகும் என்றும் யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால், நடுக்கம் வரும் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 70 மி.கி./டெ.லீ.க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தரம் குடிக்க வேண்டும், ஏறியதும் பாணோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும். கருவி கையில் இல்லையென்றால் பார்த்துக்கொண்டு நிற்காமல் சீனித்தண்ணியைக் குடித்துவிடட்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990க்கு அடியுங்கள்.

நாளையிலிருந்து சாற்றை நிறுத்தச் சொல்லுங்கள். குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் சாற்றை வைத்துக்கொண்டு குளிசையைத்தான் விடுகிறார்கள். இந்த வாரத்துக்குள்ளேயே கிளினிக்குக்குப் போய், என்ன இலை, எவ்வளவு, எப்போதிலிருந்து குடித்தார் என்பதை ஒன்றும் மறைக்காமல் சொல்லட்டும். டொக்டர் ஏசுவார் என்று பயந்து மறைப்பார்கள். ஏசினால் ஏசட்டும், சொல்லாமல் விட்டால் சாற்றால் இறங்கிய சீனியைக் குளிசையின் கணக்கில் எழுதி, அதற்கேற்பக் குளிசையை மாற்றிவிடுவார்கள்.

பிலிம்பிச் சாற்றை வாயிலும் வைக்கக் கூடாது. பிலிம்பியிலும் காமரங்காயிலும் ஒக்சலேட் மிக அதிகம். கறிக்குப் புளிப்பாக இரண்டு காய் போடுவதால் சுகமாக இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சாறாக அடித்து டம்ளர் கணக்கில் குடிக்கும்போது அது சிறுநீரகத்தில் உப்பாகப் படிந்து சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். இலங்கையிலேயே இப்படி வைத்தியசாலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். சீனி வருத்தக்காரருக்குச் சிறுநீரகம் வெளியே தெரியாமல் ஏற்கெனவே கொஞ்சம் பழுதாகியிருக்கலாம். அதற்கு மேல் இது தேவையா?

சித்த வைத்தியரே மூலிகை வேண்டாம் என்கிறாரே என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். சித்தத்தில் மருந்து என்றால் அளவு உண்டு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் பொருள்) உண்டு, பத்தியம் உண்டு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் உண்டு. வாட்ஸ்அப் சாற்றில் இதில் எது இருக்கிறது? தெபு இலையை நம் சிங்கள அயலவர்கள் செய்வது போல மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு, வாரத்தில் ஒரு நாள் சோற்றோடு ஒரு கைப்பிடி சாப்பிடட்டும், அது சாப்பாடு. பாகற்காய்க் கறியும் அப்படித்தான். அவர் குடித்தது சாப்பாடும் இல்லை, ஒழுங்கான மருந்தும் இல்லை.

அடுத்தது மாமி. வோர்ஃபரின் என்ன செய்கிறது என்றால், இரத்தம் உறைவதற்கு உடம்பு பயன்படுத்தும் விற்றமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. பச்சை இலைகளில் அந்த விற்றமின் நிறைய இருக்கிறது, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றிலும்தான். இதுவரை எப்போதாவது கீரை சாப்பிட்டுவந்த ஒருவருக்குத் திடீரென்று தினமும் காலையில் இலைக்கஞ்சி கொடுத்தால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சோதனை அளவு) இறங்கும், மாற்றிய வால்வில் இரத்தம் உறையக்கூடும். மறுபக்கம், யாரோ பயமுறுத்தினார்கள் என்று கீரையை முழுக்க நிறுத்தினால் ஐ.என்.ஆர். ஏறி, பல்லீறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும், உள்ளேயும் கசியலாம். அதனால் கீரை கூடாது என்றில்லை, வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். இப்போது வாரத்தில் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிறார் என்றால் அந்த இரண்டு நாளில் ஒரு நாள் கீரைக்கறிக்குப் பதிலாக இலைக்கஞ்சி கொடுங்கள். அதற்கு மேல் கூட்ட விரும்பினால் முதலில் கிளினிக்கில் சொல்லி, அடுத்த ஐ.என்.ஆர். சோதனையை முன்கூட்டி எடுக்க ஒழுங்கு செய்யுங்கள். சமையலில் போடும் இஞ்சி, உள்ளி, மஞ்சளுக்குப் பயம் வேண்டாம். அதே உள்ளியும் மஞ்சளும் குப்பியில் அடைத்த வில்லைகளாக வந்தால் மாமிக்கு வேண்டாம், வெளிநாட்டிலிருந்து மருமகன் அனுப்பினாலும் சரிதான்.

இனிப் பல்கனி.

நீங்கள் கொத்தமல்லியில் தொடங்கியதுதான் பிழையாகிவிட்டது, அது குளிர்விரும்பி. கொழும்பின் வெக்கையில், அதுவும் மேற்கு வெயிலில், நாலு இலை விட்டதும் பூக்க ஓடிவிடும். ஆசை விடவில்லையென்றால் மார்கழி, தையில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், விதையை இரண்டாக உடைத்து, இருக்க வேண்டிய தட்டிலேயே நேராகத் தூவுங்கள், பிடுங்கி நட வேண்டாம். மற்ற மாதங்களில் சந்தையில் கட்டாக வாங்குவதே மலிவு.

துளசி பட்டதற்கு நீங்கள் காரணம் எழுதவில்லை. பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, சாடிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கும். அல்லது பூவைக் கிள்ளாமல் விட்டிருப்பீர்கள், விதை முற்றியதும் துளசி களைத்துப்போகும். பூக்கதிர் தலை காட்டிய உடனேயே கிள்ளிவிட வேண்டும், சுவாமிக்கு வைக்கவாவது கிள்ளுங்கள்.

உங்கள் இடத்துக்கு நான் வைக்கச் சொல்வது கற்பூரவள்ளி, வல்லாரை, றம்பை, புதினா, இப்போதிருக்கிற கறிவேப்பிலை, இவ்வளவுதான். இருபது வகை வைத்துப் படம் போடுகிறவர்களைப் பார்க்க வேண்டாம், வாரத்தில் ஒரு தரமாவது சட்டிக்குப் போகாத செடியை யாரும் ஒழுங்காகப் பராமரிப்பதில்லை.

கற்பூரவள்ளி லேசில் சாகாது. யாரிடமாவது ஒரு சாண் தண்டு வாங்கி, கீழ் இலைகளைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். சொந்தத் தண்டிலேயே தண்ணீர் வைத்திருக்கிற செடி, மேல்மண் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். பின்னேர வெயில் அதற்குப் போதும். கறிவேப்பிலைக்கும் வெயில் வேண்டும், சாடி ஆழமாக, ஒன்றரை அடியாவது இருக்கட்டும், இலை இலையாக உருவாமல் நுனியோடு ஒடியுங்கள், ஒடித்த இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வரும். றம்பைக்கு நிழல் போதும், பல்கனிச் சுவரின் உட்பக்க மூலையில் நன்றாக வரும். புதினாவைச் சந்தையில் வாங்கும் கட்டிலிருந்தே எடுக்கலாம், தடித்த தண்டாக நாலைந்தைத் தெரிந்து தண்ணீர்க் குவளையில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வல்லாரைதான் இதில் முக்கியமானது. பச்சையாகச் சாப்பிடுகிற கீரை, ஈரத்தில் வளர்கிற கீரை, அந்த ஈரம் எந்த வாய்க்காலின் ஈரம் என்று சந்தையில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே ஒரு கீரையை வீட்டில் வளர்ப்பதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். சந்தைக் கட்டுக்குள்ளேயே கணுவில் வேர் விட்ட கொடித்துண்டுகள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி, அடியில் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றில், தும்புத்தூளும் கூட்டெருவும் மண்ணும் சம அளவாகக் கலந்து நிரப்பி, கணு மண்ணில் அழுந்தும்படி வையுங்கள். ஆழம் அரை அடி போதும், அகலம்தான் வேண்டும். அரை நிழல், எப்போதும் ஈரம். சந்தையிலிருந்து கொடியோடு வந்த இலைகள் பழையவை, அவற்றைக் கழித்துவிட்டு, உங்கள் பேசினில் புதிதாக முளைத்தவற்றைச் சாப்பிடத் தொடங்குங்கள். வெட்டும்போது மொட்டையடிக்காமல் வெளி இலைகளை மட்டும் காம்போடு எடுத்தால் கொடி ஓடிக்கொண்டே இருக்கும்.

சம்பலுக்கு, கழுவி வடித்த இலையை இறுக்கிப் பிடித்து, கூரான கத்தியால் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக அரிய வேண்டும். மழுங்கிய கத்தி இலையை நசுக்கும், கசப்பு ஏறும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, விருப்பமென்றால் கொஞ்சம் மாசி, எல்லாவற்றையும் விரல் நுனியால் பிரட்டினால் போதும், பிசையக் கூடாது. தேசிப்புளியைச் சோறு போட்ட பிறகு விடுங்கள். முன்னமே விட்டு வைத்தால் பச்சை நிறம் செத்து மங்கிப்போகும், தண்ணியும் விடும். வல்லாரை மூளைக்கு நல்லது என்று பிள்ளைக்கு வில்லை வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம். வல்லாரை வில்லைகளை நெடுநாள் எடுத்துச் சிலருக்கு ஈரல் பாதித்திருக்கிறது, சம்பலை அப்படிப் பயப்படத் தேவையில்லை.

கடற்காற்றுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் உப்புக் காற்று இலை ஓரங்களைக் கருக்கும், மண்ணையும் வேகமாகக் காயவைக்கும். சாடிகளைக் கம்பி ஓரத்தில் வைக்காமல் சுவருக்குக் கீழே இறக்கி வைத்து, வாரத்தில் இரண்டு மூன்று தரம் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

தண்ணீர் தேங்குகிற விஷயம். கொழும்பில் செடி வளர்க்கிறவர்கள் டெங்கு நுளம்பையும் சேர்த்து வளர்க்கக் கூடாது. சாடிக்குக் கீழ்த்தட்டு, புதினாக் குவளை, மூலையில் கவிழ்க்காமல் விட்ட வெற்றுச் சாடி, இவை போதும் அதற்கு. முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள்தான், காய்ந்த தட்டில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் தட்டில் தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே வேண்டாம் என்பேன், ஆனால் கீழ்வீட்டுப் பல்கனியில் சொட்டினால் சண்டை வரும், அப்படியானால் தட்டை விளிம்புவரை மணலால் நிரப்பி அதன்மேல் சாடியை வையுங்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தாலும் பிரச்சினை இல்லை.

டெங்குவைப் பற்றிக் கதைக்கும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பப்பாளி இலைச்சாறு கொடுத்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள், அஸ்பிரினோ இபுபுரூஃபனோ கூடாது, மூன்றாம் நாளுக்குள் இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். கைக்குழந்தைக்கும் மாமிக்கும் அவ்வளவு நாள்கூடப் பொறுக்க வேண்டாம், முதல் நாளே காட்டுங்கள்.

இனிப் பிள்ளைகளின் தடிமன். மகளுக்கு மல்லித்தண்ணி தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு மேசைக்கரண்டி மல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, ஒரு சின்னத் துண்டு இஞ்சியையும் நசுக்கிப் போட்டு, இரண்டு கோப்பைத் தண்ணீர் ஒன்றாக வற்றும்வரை அவியுங்கள். இளஞ்சூட்டில் அரைக் கோப்பை போதும். தடிமனை இது ஓட்டிவிடும் என்று சொல்ல மாட்டேன், அது எப்படியும் ஒரு வாரத்தில் போகும், ஆனால் தொண்டைக்கு இதமாக இருக்கும், தண்ணீரும் உள்ளே போகும். பிள்ளை குடிக்க வேண்டும் என்று மூன்று கரண்டி சீனி போடாதீர்கள். வெனிவலும் சேர்க்க வேண்டாம். அந்த மஞ்சள் கட்டையில் பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் ஏற்றதில்லை, சீனிக் குளிசை எடுக்கிற உங்கள் வீட்டுக்காரருக்கும் அது சீனியை இன்னும் இறக்கும். தடிமனுக்கு அவித்துக் குடிக்கக் கடையில் பொட்டலமாக விற்கும் பஸ்பங்குவ என்ற மூலிகைக் கலவையிலும் வெனிவல் இருக்கிறது, வாங்கும்போது நினைவிருக்கட்டும்.

இருமலுக்கு இரண்டு கற்பூரவள்ளி இலையைத் தோசைக்கல்லில் வாட்டிக் கசக்கினால் ஒரு தேக்கரண்டி சாறு வரும், அதில் அரைக் கரண்டி தேன் கலந்து மகளுக்கு இரவில் கொடுங்கள். இலை மிஞ்சினால் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடுங்கள், இரசத்திலும் இறக்குகிற நேரம் கிள்ளிப் போடலாம்.

மகனுக்கு மல்லித்தண்ணி, சாறு, தேன் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், நாக்கில் தொட்டு வைப்பதும் அதில் சேர்த்திதான். கற்பூரம் போட்ட எண்ணெயை நெஞ்சில் பூசவும் வேண்டாம், பெயர் ஒன்றுபோல இருந்தாலும் கற்பூரவள்ளிக்கும் கற்பூரத்துக்கும் சம்பந்தமில்லை, கற்பூரம் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். சட்டியில் ஆவி பிடிக்க இரண்டு பிள்ளைகளையும் உட்கார்த்த வேண்டாம், சுடுதண்ணீர் கொட்டி வெந்த பிள்ளைகள் போதும். மகனுக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், மூக்கு அடைத்தால் பாமசியில் உப்புத்தண்ணீர்ச் சொட்டு வாங்கி விடுங்கள். நிமிடத்துக்கு 50 தரமோ அதற்கு மேலோ மூச்சு எடுத்தால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், நேரம் பார்க்காமல் பொரளை ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.

வீட்டுக்காரருக்கு மூலிகை மருந்துதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவான வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்தான் எங்களைப் போன்ற சித்த வைத்தியர்களும் பதிவாகிறோம், பதிவு இலக்கத்தைக் கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. போகும்போது அவர் எடுக்கும் குளிசைகளின் அட்டைகளையும் கடைசி இரத்தச் சோதனையையும் கையில் கொண்டு போகட்டும். அதைப் பார்க்காமலே பொட்டலம் கட்டித் தருகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கறிவேப்பிலையில் இருக்கிற பச்சைப்புழு பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு, தேசி மரத்தையும் அது விடாது. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரித் தெரியும், பிறகுதான் பச்சையாகும். சின்னக் கன்றென்றால் இரண்டு புழு ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும், கையால் பிடித்து அப்புறப்படுத்துங்கள். விரலால் தொட்டால் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி மணம் விடும், கடிக்காது. மருந்து அடிக்க வேண்டாம், அடுத்த நாள் தாளிக்கப் போகிற இலை அது. வெள்ளையாகப் பஞ்சுபோலப் பூச்சி பிடித்தால் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, அரை மணித்தியாலத்தில் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவிவிடுங்கள், தண்டின் இடுக்குகளைப் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் மிச்சமும் போய்விடும்.